ஒன்பதாவது வருஷக் கேடயம்

அத்தியாயம் 14

பெர்சிஸ் டீச்சரைப் போன வாரம் அடுப்படியில், கையில் பாதி உரித்த வெங்காயத்தோடு நிற்கவிட்டுவிட்டு வந்தோம். மீதி வெங்காயத்தை உரித்தாளா என்று தெரியாது. அன்றைக்கு ராத்திரி அந்த வீட்டில் யாரும் சாப்பிடவில்லை.

இந்த வாரம்தான் கதைக்குள் வருகிறவர்களுக்கு நடந்ததைச் சொல்லிவிடலாம். கொஞ்சம் வெட்கக்கேடான சமாச்சாரம், இருந்தாலும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

பெர்சிஸ், தென்காசியில் ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியை. கணவர் போய்ச் சேர்ந்து ஆறு வருஷம். ஒரே மகன் ஜெனோ, பைக் ஷோரூமில் மேனேஜர். டீச்சருக்குச் சபைதான் இரண்டாவது வீடு. அங்கே பெண்கள் சங்கத்து வேதாகமத் தேர்வுக்கு அவள்தான் பொறுப்பு. வருஷாவருஷம் சுற்றுவட்டாரத்து ஆறு சேகரங்களின் பெண்கள் வேதாகமத்தில் ஒரு பகுதியைப் படித்துப் பரீட்சை எழுதுவார்கள். சேகரம் என்றால் ஒரே பாஸ்டர் ஐயாவின் கீழ் இருக்கும் ஏழெட்டுச் சபைகள். முதலாவதாக வரும் சேகரத்துக்கு ஒரு சுழற்கேடயம். பெயர்தான் அப்படி. எட்டு வருஷமாக அது பெர்சிஸ் டீச்சர் வீட்டுக் கண்ணாடி அலமாரியை விட்டு அசைந்ததில்லை.

இந்த வருஷப் பாடம், இஸ்ரவேலின் முதல் ராஜாவான சவுல். கேள்வித்தாள் ஒட்டிய கவரில் முன்கூட்டியே வந்து டீச்சரின் பீரோவுக்குள் உட்கார்ந்தது. தேர்வுக்கு முந்தின நாள் காலை, இட்லி வெந்துகொண்டிருந்த கொப்பரையின் ஆவியில் கவரின் ஒட்டுவாயைக் காட்டி அதைப் பிரித்தாள். பார்த்துவிட்டுப் பழையபடி ஒட்டினாள். மத்தியானம் மருமகள் முத்துசெல்வியைக் கூப்பிட்டு, முக்கியமான கேள்விகள் என்று நாற்பதைச் சொல்லச் சொல்ல, அந்தப் பெண் தன் போனில் தட்டித் தென்காசிச் சங்கத்து வாட்ஸ்அப் குழுவுக்கு அனுப்பினாள். டீச்சருக்குப் போனில் தமிழ் அடிக்க வராது.

மறுநாள் தேர்வில் அந்த நாற்பதும் அதே வரிசையில் வந்தன. முப்பத்தாறு வருஷம் பரீட்சை நடத்திய தலைமை ஆசிரியைக்கு, வரிசையையாவது கலைத்துப் போட வேண்டும் என்று தோன்றவில்லை பாருங்கள். திருடத் தெரியாதவள் திருடினால் இப்படித்தான் ஆகும்.

பக்கத்துச் சேகரத்தார் புகார் கொடுத்தார்கள். கமிட்டி கூடியது. கேள்விகள் முத்துசெல்வியின் நம்பரிலிருந்து போயிருந்தன. அத்தை சொல்லித்தான் அனுப்பினேன் என்று அவள் சொன்னாள். கமிட்டி டீச்சர் பக்கம் திரும்பியது. "நாலஞ்சு கேள்வி சொன்னேன், நாப்பதா சொன்னேன்? பீரோ சாவி ஆணியிலதான் தொங்கும், யாரும் எடுக்கலாம்" என்றாள் டீச்சர். அதற்குமேல் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்ல வேண்டிய அவசியமும் இருக்கவில்லை.

புதுக் கேள்வித்தாள் வைத்து மறுதேர்வு நடத்தினார்கள். முத்துசெல்வியை எழுத விடவில்லை. அதிலும் தென்காசிதான் முதல். அதாவது, டீச்சர் கவரைத் தொடாமலே இருந்திருந்தாலும் கேடயம் வந்திருக்கும். இதை நினைக்கிறபோதெல்லாம் பெர்சிஸ் சோற்றுத் தட்டைத் தள்ளி வைத்தாள்.

இன்றைக்குக் குற்றாலத்தில் ஆறு சேகரத்துப் பெண்களும் சேரும் கூடுகை. கேடயமும் இன்றைக்குத்தான். முத்துசெல்வியின் பெயரை மேடையில் வாசித்து, இரண்டு வருஷம் சங்கத்திலிருந்து விலக்கி வைப்பதும் இன்றைக்குத்தான். நேற்றுச் சாயங்காலம் அடுப்படிக்கு வந்து மருமகள் சொன்னது இதுதான்: "நாளைக்கு எங்க அப்பா வாராவ அத்தை. உங்க வாயால உள்ளதைச் சொல்லிருங்க. இல்லைன்னா நான் அவுககூடச் சிவகிரிக்குப் போயிருதேன்."

இவ்வளவுக்கும் நடுவில், கூடுகையில் சவுல் ராஜாவைப் பற்றிச் செய்தி கொடுக்கப்போவது, அதாவது பிரசங்கம் பண்ணப்போவது யார் என்று கேட்கிறீர்களா? சாட்சாத் பெர்சிஸ் டீச்சரேதான்.

* * *

மேலகரம் தாண்டியதுமே சாரல் முகத்தில் அடித்தது. ஜெனோவின் ஸ்கூட்டரில் ஒரு பக்கமாக உட்கார்ந்து, பைபிள் பையை மடியில் வைத்து முந்தானையால் மூடியிருந்தாள் பெர்சிஸ். சீசன் கூட்டம். ஈரத் துண்டைத் தலையில் கட்டிய ஆட்கள் ரோட்டை அடைத்துக்கொண்டு போனார்கள். சிப்ஸ் கடைகளில் தேங்காய் எண்ணெய் கொதிக்கும் வாசம் வந்தது. ஒவ்வொரு வருஷமும் இந்த வாசம் அவளுக்குக் கேடயத்தின் வாசமாகவே இருக்கும். இன்றைக்கு முந்தானை நுனியால் மூக்கைப் பொத்திக்கொண்டாள்.

"ஏலே, அவ நிசமாவே போயிருவாளா?" என்று மகனின் முதுகைப் பார்த்துக் கேட்டாள்.

"தெரியலம்மா."

"நீ சொன்னா கேப்பாள்லா."

"ரெண்டு மாசத்துல எல்லாரும் மறந்துருவாவம்மா. நீங்க மனசைப் போட்டு அலட்டிக்கிடாதிய" என்றான்.

நல்ல பிள்ளை. இத்தனை நாளில் ஒரு தடவைகூட, நீங்கள் செய்தீர்களா என்று அவன் கேட்டதில்லை. அதை அவள் தன்மேல் உள்ள நம்பிக்கை என்று எடுத்துக்கொண்டிருந்தாள். அந்த நம்பிக்கையும் போய்விட்டால் தன்னிடம் என்ன மிச்சமிருக்கும் என்ற பயம் அவளை விட்டு நகரவே இல்லை.

முத்துசெல்வி கூட வரவில்லை. சிவகிரியிலிருந்து வரும் அப்பாவைத் தென்காசி பஸ் ஸ்டாண்டிலிருந்து கூட்டிக்கொண்டு வருகிறேன் என்று காலையிலேயே கிளம்பிவிட்டாள். துணிப்பையையும் எடுத்துக்கொண்டு போயிருந்தாள்.

அந்தப் பெண்ணைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். ஷோரூமில் பில் போடும் வேலையில் இருந்தபோது ஜெனோவுக்குப் பிடித்துப்போய், இரண்டு வீட்டிலும் அழுது தீர்த்து, பிறகு நடந்த கல்யாணம். ஞானஸ்நானம் எடுத்து ஒரு வருஷம்தான் ஆகிறது. சவுல் கதையை மொட்டைமாடியில் உட்கார்ந்து நாவலைப் போல விழுந்து விழுந்து படித்தாள். "அந்த மனுசனை நினைச்சா எனக்குப் பாவமா இருக்கு அத்தை, ஒரு தடவை நிமிந்து உண்மையைச் சொல்லியிருந்தா தப்பிச்சிருப்பார்லா" என்று ஒருநாள் துணி மடிக்கும்போது சொன்னாள். பெர்சிஸுக்கு அப்போது பெருமையாக இருந்தது. கவர் பிரிப்பதற்கு ஒரு வாரம் முன்பு நடந்தது இது.

* * *

குற்றாலம் பஸ் ஸ்டாண்டிலிருந்து நடக்கிற தூரத்தில் கூடுகை மண்டபம். முந்நூறு பெண்களுக்குக் குறையாது. கடையம் சேகரத்து அம்மாக்கள் ஒரே நிறத்தில் சேலை கட்டி முன்வரிசையைப் பிடித்திருந்தார்கள். மேடையில் வெள்ளைத் துணி விரித்த மேசைமேல் கேடயம் இருந்தது. டீச்சரே நேற்றுப் புளி போட்டுத் தேய்த்து அனுப்பியது.

சங்கத்துச் செயலாளர் எமில்டா ஓடிவந்து கையைப் பிடித்துக்கொண்டாள். டீச்சர் இல்லாவிட்டால் தென்காசியே இல்லை என்று வழக்கமான பாட்டைப் பாடினாள். பிறகு குரலைத் தணித்தாள்.

"அந்தப் பிள்ளை விசயத்துல நீங்க தலைகுனியாதீங்க டீச்சர். நேத்து வந்தவ. என்ன இருந்தாலும் நம்ம வளர்ப்பு வருமா?"

பெர்சிஸ் வாயைத் திறந்தாள். ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. எமில்டா அதை ஆமாம் என்று எடுத்துக்கொண்டு தோளைத் தட்டிக் கொடுத்துவிட்டுப் போனாள். வளர்ப்பு என்ற வார்த்தை போகாமல் அங்கேயே நின்றது. வயசு அறுபத்தொன்று. ஞாயிற்றுக்கிழமைப் பள்ளியில் நாலு வயதில் சேர்க்கப்பட்டவள். அவள் வளர்ப்புக்கு என்ன குறை?

பதினோரு மணி சுமாருக்கு அய்யாக்குட்டி வந்தார். முத்துசெல்வியின் அப்பா. சிவகிரிப் பக்கம் எலுமிச்சைத் தோட்டம் வைத்திருக்கிற மனிதர். சலவை வேட்டி, தோளில் துண்டு, கையில் கனத்த சாக்குப்பை. பின்னால் முத்துசெல்வி. இத்தனை பெண்களுக்கு நடுவில் வருகிறோமே என்று அவருக்குக் கூச்சம். செருப்பை வாசலிலேயே கழற்றி வைத்துவிட்டு ஓரமாக நடந்து வந்தார்.

"கும்பிடுதேன் மதினி."

"வாங்கண்ணே" என்றாள் பெர்சிஸ். குரல் அவளுக்கே கேட்கவில்லை.

அவர் பையை நீட்டினார். நம்ம தோட்டத்துக் காய்தான், வந்திருக்கிற அம்மாமாருக்கெல்லாம் ஜூஸ் போட்டுக் கொடுக்கச் சொல்லுங்கள், கொஞ்சம் புளிப்பு தூக்கலாக இருக்கும் என்றார். தன் மகளுக்கு அவமானம் நடக்கப்போகிற இடத்துக்கு வெறுங்கையோடு வரக்கூடாது என்று அந்த மனிதருக்குத் தோன்றியிருக்கிறது. பெர்சிஸ் பையை வாங்கினாள். பாரமாக இருக்குமே என்று அவரும் அடியில் கைகொடுத்துத் தாங்கிப் பிடித்தார்.

"நீங்க எதுக்குண்ணே இவ்வளவு தூரம்..."

"எம்மக பேரை வாசிக்கப் போறாவளாம்லா. அந்த நேரம் அவ தனியா நிக்கக் கூடாது மதினி. அதுக்குத்தான் வந்தேன். வேற ஒண்ணுமில்லை."

கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் பெர்சிஸுக்கு வசதியாக இருந்திருக்கும். அவர் போய்க் கடைசி வரிசையில் நாற்காலியின் விளிம்பில் உட்கார்ந்தார். முத்துசெல்வி பக்கத்தில் உட்கார்ந்தாள். இரண்டு வரிசைக்கு முன்னால் இருந்த பெண்கள் திரும்பிப் பார்த்துவிட்டு நாற்காலியைக் கொஞ்சம் முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்கள்.

* * *

பெர்சிஸால் அதற்குமேல் தாங்க முடியவில்லை. மண்டபத்துக்குப் பின்னால், சமையல் நடக்கிற கொட்டகைக்குப் பக்கத்தில் பாஸ்டர் ஐயாவைத் தேடிப் பிடித்தாள். முப்பத்தைந்து வயசு, சாதுவான ஆள். அவரிடம் எல்லாவற்றையும் சொன்னாள். கவர், ஆவி, நாற்பது கேள்வி, சாவி எல்லாம். சொல்லும்போது அழவும் செய்தாள்.

அவர் முகம் வெளுத்துப்போனது. குழம்பு அண்டாவுக்குப் பக்கத்தில் யாரும் நிற்கிறார்களா என்று திரும்பிப் பார்த்தார்.

"தப்புப் பண்ணிட்டேன் ஐயா" என்றாள் பெர்சிஸ். "அந்தப் பிள்ளை பேரை வாசிக்க வேண்டாம். ஆனா என் பேரும் வெளிய வர வேண்டாம். பொதுவா ஒரு தவறு நடந்துட்டு, கர்த்தர் மன்னிச்சிட்டார்னு சொல்லி முடிச்சிருங்க. இத்தனை பேருக்கு முன்னால என்னை விட்டுக்குடுத்துராதிய. கேடயத்தை மட்டும் வாங்கிட்டு நான் ஒதுங்கிக்கிடுதேன்."

பாஸ்டர் ஐயா யோசிக்கவே இல்லை. தலையில் இருந்த பாரத்தை யாரோ இறக்கி வைத்த மாதிரி மூச்சு விட்டார். "அதுவே நல்லதும்மா. சபை பேரும் கெட்டுரக் கூடாதுல்லா. நான் பாத்துக்கிடுதேன். நீங்க போய்ச் செய்தி குடுங்க" என்றார்.

கேட்டது கிடைத்துவிட்டது. பெர்சிஸ் கண்ணைத் துடைத்துக்கொண்டு மண்டபத்தை நோக்கி நடந்தாள். நாலு எட்டு வைத்திருப்பாள், கால் நின்றுவிட்டது.

இதைத்தானே சவுலும் கேட்டான்? போரில் பிடித்ததை எல்லாம் அழித்துப்போடு என்ற கர்த்தரின் கட்டளையை மீறி, கொழுத்த ஆடுகளை ஒளித்து வைத்தவன். ஆட்டுச் சத்தம் காட்டிக்கொடுத்ததும், ஜனங்கள்தான் செய்தார்கள் என்று கைகாட்டியவன். கடைசியில் சாமுவேல் தீர்க்கதரிசியிடம், பாவம் செய்தேன், ஆனாலும் ஊர்ப் பெரியவர்கள் முன்னால் என்னைக் கௌரவப்படுத்திவிடும் என்று கெஞ்சியவன். அவன் கேட்டதும் கிடைத்தது. சாமுவேல் கூடவே போனார். அந்த ஒருநாள் கௌரவத்தோடு அவன் கதை முடிந்துபோனது. முப்பது வருஷமாக இந்தப் பகுதியை நடத்துகிறவள், இது என்ன புத்தி என்று பிள்ளைகளைக் கேட்டிருக்கிறாள். இன்றைக்கு அண்டாவுக்குப் பக்கத்தில் நின்று அதையே கேட்டு வாங்கிக்கொண்டு வருகிறாள்.

உடம்பெல்லாம் கூசியது. அப்படியே அருவிக்கரைக் கூட்டத்துக்குள் நுழைந்து காணாமல் போய்விடலாமா என்றுகூடத் தோன்றியது. உள்ளே அவள் பெயரைச் சொல்லி மைக்கில் கூப்பிட்டார்கள்.

* * *

மேடையேறிவிட்டால் டீச்சருக்கு நாக்கு தானாக ஓடும். இன்றைக்கும் ஓடியது.

சவுல் கெட்டவனாக ஆரம்பிக்கவில்லை என்று சொன்னாள். ராஜாவாகத் தேர்ந்தெடுத்த அன்றைக்கு, வெட்கப்பட்டு மூட்டை முடிச்சுகளுக்குள் ஒளிந்துகொண்டவன் அவன். அப்படிப்பட்டவன் பிறகு தனக்கென்று ஞாபகத் தூண் நிறுத்துகிற அளவுக்கு வந்தான். கூட்டத்துக்குப் பயந்தவன், கூட்டம் கைதட்டாவிட்டால் வாழ முடியாதவனாக ஆனான். இதைச் சொல்லும்போது முதல் வருஷக் கேடயம் ஞாபகம் வந்தது. மேடைக்குப் போகக் கூச்சப்பட்டு, வேறு ஒருத்தியைத் தள்ளிவிட்டு வாங்கவைத்தவள்தான் அவள்.

கடைசி வரிசையில் முத்துசெல்வி அசையாமல் பார்த்துக்கொண்டிருந்தாள். வாசல் தூணோரம் ஜெனோ நின்றிருந்தான். மேசைக்குப் பின்னால் பாஸ்டர் ஐயா புன்னகையோடு தலையாட்டிக்கொண்டிருந்தார்.

"நானும் அந்தச் சவுலைப் போன்றவள்தான்" என்றாள் பெர்சிஸ். "உங்கள் எல்லாரிலும் சிறியவள். பாவிகளில் பெரிய பாவி. தகுதியில்லாத என்னை..."

"ஸ்தோத்திரம்" என்றது மண்டபம். "ஆமென்" என்றார்கள் கடையம் அம்மாக்கள். எமில்டா கைக்குட்டையால் கண்ணை ஒற்றினாள். எவ்வளவு தாழ்மை பாருங்கள் என்று பக்கத்தில் இருந்தவளிடம் சொல்வது உதட்டசைவில் தெரிந்தது.

பெர்சிஸுக்குத் திக்கென்றது. உண்மையைச் சொல்லத்தான் வாயெடுத்தாள். ஆனால் இந்த வார்த்தைகளை வாராவாரம் மைக்கில் சொல்லிச் சொல்லித் தேய்த்து வைத்திருந்தாள். சபையில் யார்தான் தன்னைப் பாவி என்று சொல்வதில்லை? சொன்னால் மரியாதை கூடத்தான் செய்யும். இப்போதும் கூடிவிட்டது. இங்கேயே நிறுத்தினால்கூட மனசாட்சிக்குச் சொன்னதாக ஆகிவிடும், ஊருக்கும் தெரியாது. ஒரு நொடி அந்த ஆசை வந்தது. வந்ததற்காக அவள் வெட்கப்பட்டாள்.

மைக்கை இறுகப் பிடித்தாள்.

"ஆமென் சொல்லாதிய" என்றாள். மேடைத் தமிழ் போய்விட்டது. "இது வழக்கமா மேடையில சொல்லுத சாட்சி இல்லை. கேளுங்க. பரீட்சைக்கு முந்தின சனிக்கிழமை, காலையில ஏழு மணிக்கு, கேள்வித்தாள் கவரை இட்லிக் கொப்பரை ஆவியில காட்டி நான் பிரிச்சேன். நான்தான். அதுல உள்ள நாப்பது கேள்வியை எம் மருமகள்ட்ட சொன்னேன். அது எங்க இருந்து வந்ததுன்னு அவளுக்குத் தெரியாது. நான் சொன்னதை டைப் அடிச்சா, அவ்வளவுதான்."

மேசைக்குப் பின்னால் பாஸ்டர் ஐயா தலையாட்டுவதை நிறுத்தினார்.

"சாவி ஆணியில தொங்கும்னு கமிட்டியில சொன்னேன். அது பொய். அந்தச் சாவி எந்நேரமும் என் இடுப்புலதான் இருக்கும். இந்தா, இப்பவும் இருக்கு. சபைக்காகச் செய்தேன்னு எனக்கே சொல்லிக்கிட்டேன். அந்த ராஜா, ஆட்டைக் கர்த்தருக்காக வச்சிருக்கேன்னு சொன்னாம்லா, அது மாதிரி. சபைக்காக இல்லை. ஒன்பதாவது தடவையும் எம் பேரைச் சொல்லிக் கூப்பிடணும். அதுக்காகத்தான்."

பாஸ்டர் ஐயா பக்கம் திரும்பினாள்.

"முத்துசெல்வி பேரை வாசிக்காதிய. வாசிக்கிறதா இருந்தா எம் பேரை வாசிங்க. கேடயத்தை எங்கையில குடுக்காதிய. படிச்சு எழுதினவங்க கையில குடுங்க."

யாரும் ஸ்தோத்திரம் சொல்லவில்லை.

சொல்லிவிட்டால் மனசு லேசாகும் என்று எத்தனையோ பேருக்கு ஆறுதல் சொல்லியிருக்கிறாள் பெர்சிஸ். லேசாகவில்லை. மேடையின் நாலு படியையும் சுவரைப் பிடித்துக்கொண்டு இறங்கினாள். பெண்கள் வழிவிட்டார்கள். மரியாதைக்கு விடுகிற வழி வேறு, பட்டுவிடக் கூடாது என்று விடுகிற வழி வேறு. அந்த வித்தியாசம் அவளுக்குத் தெரியும். அவளே பலருக்கு அப்படி வழிவிட்டிருக்கிறாள். எமில்டா குனிந்து எதையோ தேடுவது போலச் செருப்பைத் தடவிக்கொண்டிருந்தாள்.

கடைசி வரிசை காலியாக இருந்தது.

* * *

பஸ் ஸ்டாண்டில் சிவகிரி வழியாகப் போகிற ராஜபாளையம் பஸ் புறப்பட நின்றது. சாரலில் நனைந்துகொண்டே ஓடிவந்தாள் பெர்சிஸ். அய்யாக்குட்டி படியோரம் நின்றிருந்தார். முத்துசெல்வி துணிப்பையை நெஞ்சோடு பிடித்திருந்தாள். கொஞ்சம் தள்ளி ஸ்கூட்டரில் சாய்ந்து ஜெனோ நின்றான்.

"முத்து" என்றாள் பெர்சிஸ். மூச்சு வாங்கியது. "சொல்லிட்டேம்ட்டி. எல்லாத்தையும் சொல்லிட்டேன்."

"கேட்டேன் அத்தை." அவள் கண் கலங்கியிருந்தது. மாமியாரின் நனைந்த தலையில் தன் துப்பட்டாவின் நுனியை எடுத்துப் போட்டாள். "நீங்க சொல்ல மாட்டீங்கன்னு நினைச்சேன். சொல்லிட்டீங்க. உங்கமேல எனக்கு ஒரு கோவமும் இல்லை."

"பெறவு எதுக்குட்டி போற?"

முத்துசெல்வி கணவன் இருந்த பக்கம் பார்த்தாள். அவன் தலை நிமிரவில்லை.

"அவுகளுக்கு முன்னாலேயே தெரியும் அத்தை. அன்னைக்குக் காலையில தண்ணி குடிக்க அடுப்படிக்கு வந்தாவளாம். நீங்க கவரைப் பிடிச்சிட்டு நின்னதைப் பாத்துட்டுத் திரும்பிப் போயிட்டாவளாம். நேத்து, போவாதன்னு சொல்லிக் கெஞ்சையில அவுகளே சொன்னாவ. கமிட்டியில என்னைக் கேட்டாங்கள்லா, அப்ப எனக்குப் பக்கத்துலதான் நின்னாவ. ஒரு வார்த்தை சொல்லலை."

பெர்சிஸ் மகனிடம் போனாள். அவன் கண்ணைப் பார்க்க ஆசைப்பட்டாள், முடியவில்லை.

"ஏம்லே சொல்லலை?"

"நாலு பேருக்கு முன்னால நீங்க தலைகுனிஞ்சு நிக்கதை என்னால பாக்க முடியாதும்மா" என்றான் ஜெனோ.

"அவ நின்னதைப் பாத்துட்டு இருந்தியேலே."

அவனை என்ன சொல்ல? வீட்டுக் கௌரவம், அம்மா பேர், நாலு பேர் என்ன சொல்லுவார்கள் என்று சோற்றோடு பிசைந்து ஊட்டி வளர்த்தவள் அவள்தானே. வளர்ப்பு என்றாளே எமில்டா, அந்த வளர்ப்பு இதோ ஸ்கூட்டரில் சாய்ந்து நிற்கிறது. மேடையில் வராத அழுகை அவளுக்கு இப்போது வந்தது. சவுலுக்காவது, அப்பா நீர் செய்வது தப்பு என்று முகத்துக்கு நேராகச் சொல்ல யோனத்தான் என்று ஒரு மகன் இருந்தான்.

கண்டக்டர் விசில் கொடுத்தார். முத்துசெல்வி ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தாள். அய்யாக்குட்டி படியில் ஒரு காலை வைத்துக்கொண்டு திரும்பினார்.

"மருமவனே, பக்கத்து சீட்டு காலியாத்தான் கெடக்கு. வாரதா இருந்தா நீரா வாரும். யாரும் சொல்லி வர வேண்டாம்."

பஸ் மெதுவாக நகர ஆரம்பித்தது. போ என்று ஒரு வார்த்தை சொன்னால் ஜெனோ போய்விடுவான் என்று பெர்சிஸுக்குத் தெரியும். அம்மா சொல்லி அவன் எதைத்தான் செய்யாமல் இருந்திருக்கிறான்? வார்த்தை உதடு வரை வந்துவிட்டது.

ஜெனோ வழக்கம்போல அம்மாவின் முகத்தைப் பார்த்தான்.

பெர்சிஸ் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.